பழைய படகும் புதிய எஞ்சினும்



கொத்மலைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். மகளைக் கற்பிட்டியில் கட்டிக் கொடுத்திருக்கிறார். மருமகனிடம் ஒரு பழைய கண்ணாடியிழைப் படகு உண்டு. அதன் 15 குதிரைவலு எஞ்சினைக் கழற்றிவிட்டு, 40 குதிரைவலு எஞ்சின் பூட்ட வேண்டுமாம். அதற்கு மாமனாரின் சேமலாப நிதிப் பணத்தைக் கேட்கிறார். "கொடுப்பது சரியா, சுவாமி?" என்பது கேள்வி.

நீர்த்தேக்கத்தைத் தவிர வேறு பெருந்தண்ணீர் பாராத நமக்கு இது தூரத்துச் சங்கதி போலத் தோன்றலாம். நம் மலைப் பாதையில் ஓடும் பழைய லொறிக்கு உயரத் தட்டி அடிப்பவரும் இதே கேள்வியின் முன்தான் நிற்கிறார்.

முன்னேற ஆசைப்படுவது பாவமன்று. முந்திக் கரை சேருகிறவனுக்கு நல்ல விலை. காற்று எழும்போது வேகம் உயிரையும் காக்கும். ஆகவே மருமகனைப் பேராசைக்காரன் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் தென்கொரியாவின் செவோல் கப்பலை எண்ணிப் பாருங்கள். 1994இல் ஜப்பானில் கட்டப்பட்ட கப்பல் அது. 2012இல் அதை வாங்கிய கொரியக் கம்பெனி, கூடுதல் பயணிகளுக்காகப் பின்பக்கத்தில் அறைகளைக் கட்டியது. மேற்பாரம் ஏறிவிட்டது. சோதித்தவர்கள் மறுத்துவிடவில்லை. சரக்கைக் குறைக்க வேண்டும், அடித்தொட்டிகளில் நீரைக் கூட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதித்தார்கள். 2014 ஏப்ரல் 16ஆம் நாள் அக்கப்பல் ஏற்றியிருந்த சரக்கு, அனுமதித்ததைப்போல் இரு மடங்கு. அடியில் இருந்த நீரோ குறைவு. திரும்பும்போது சாய்ந்தது, நிமிரவில்லை. மாண்டோர் 304 பேர். அவர்களில் 250 பேர் ஜெஜு தீவுக்குச் சுற்றுலா புறப்பட்ட பள்ளிப் பிள்ளைகள்.

அறை கட்டியதே குற்றம் என்று நான் வாதாட வரவில்லை. நிபந்தனையும் அந்த மாற்றத்தின் ஒரு பாகம். அறைகளை வைத்துக்கொண்டு நிபந்தனையை மட்டும் கழற்றி எறிந்தார்கள். சட்டம் படித்தவர்கள் இதைக் கவனக்குறைவு என்பார்கள். எனக்கோ இது பொய்யாகவே படுகிறது. ஏறியவர்கள் எல்லாரும் கப்பல் சரியாக இருக்கிறது என்று நம்பித்தானே ஏறினார்கள்?

"என் படகு, என் உயிர்" என்று மருமகன் சொல்லலாம். படகில் அவர் தனியாகப் போவதில்லையே! கூலிக்கு வரும் இருவரை யாராவது கேட்டார்களா? பெரிய எஞ்சின் கனமும் கூடியது. பின்பக்கம் தாழும், பின்னாலிருந்து வரும் அலை உள்ளே ஏறும். எஞ்சின் மாட்டும் பின்பலகை, வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே உளுத்திருக்கக் கூடும். இவற்றைத் தெரிந்தே பணம் தருகிறவரும் அந்தப் படகில் ஒரு பங்காளிதான்.

ஆகையால், பெரியவரே, ஒருமுறை கற்பிட்டிக்குப் போய் வாருங்கள். படகு கட்டுகிற ஒருவரைக் கூட்டிச் சென்று பின்பலகையைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். இந்தப் படகு எத்தனை குதிரைவலு தாங்கும், அதன்பின் எவ்வளவு பாரம் குறைக்க வேண்டும் என்று, அந்த இருவரும் மகளும் பக்கத்தில் இருக்கும்போதே கேளுங்கள். பிறகு மருமகனிடம், மீன் அள்ளிக் கொடுக்கிற நாளிலும் அந்தக் கணக்கோடு நிறுத்துவாரா என்று கேளுங்கள். அவர் பதில் சொல்லும்வரை பணம் வங்கியிலேயே இருக்கட்டும்.