கூடுதலாகப் போட்ட 504 குழாய்கள்

ஒரு பொருளைப் பற்றி உண்மையை மட்டுமே சொல்லி, அதை முழுசாக மறைத்துவிட முடியுமா? முடியும் என்றுதான் நினைக்கிறேன். வாஷிங்டன் டி.சி.க்கு வெளியே ஷான்டிலி என்ற ஊரில் ஸ்மித்சோனியனின் விமான அருங்காட்சியகக் கிளை ஒன்று இருக்கிறது. பிரம்மாண்டமான ஹேங்கர். கான்கார்டு இருக்கிறது, டிஸ்கவரி விண்கலம் இருக்கிறது, எனோலா கேயும் இருக்கிறது. 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் அணுகுண்டு போட்ட அதே பி-29 விமானம். வெள்ளிப் பாத்திரம் மாதிரி துடைத்து வைத்திருக்கிறார்கள். அதன் நிழலில் ஜப்பானியப் போர் விமானங்கள் சில, பொம்மை போலச் சின்னதாக நிற்கின்றன.

2003இல் முழு விமானத்தையும் இங்கே வைத்தபோது எழுதிய பலகை, அந்தக் காலத்தின் மிக நவீனமான குண்டுவீச்சு விமானம் இது என்கிறது. உயரத்தில் பறக்கும்போதும் உள்ளே இருப்பவர்கள் இயல்பாக மூச்சுவிட வசதி செய்திருந்ததைச் சொல்கிறது. ஹிரோஷிமாவையும் சொல்கிறது. அளவு, எடை எல்லாம் உண்டு. அங்கே எத்தனை பேர் செத்தார்கள் என்பது மட்டும் இல்லை. ஒரு வரிகூடப் பொய் கிடையாது.

இதற்கு முன்கதை இருக்கிறது. போர் முடிந்து ஐம்பது ஆண்டு ஆவதையொட்டி, 1995இல் இந்த விமானத்தை வைத்து ஒரு கண்காட்சிக்குத் திட்டமிட்டார்கள். குண்டுக்குக் கீழே இருந்தவர்களையும் காட்டலாம் என்பது யோசனை. முன்னாள் ராணுவத்தினர் கொதித்தார்கள். குண்டு போடாமல் ஜப்பான் மீது படையெடுத்திருந்தால் எத்தனை அமெரிக்க வீரர்கள் பலியாகியிருப்பார்கள் என்ற எண்ணைக் குறைத்து எழுதப் போனதும் சண்டை முற்றியது. கண்காட்சி கைவிடப்பட்டது. அருங்காட்சியக இயக்குநர் மார்ட்டின் ஹார்விட் பதவி விலகினார். பிறகு விமானத்தின் முன்பாகத்தை மட்டும், விளக்கங்களைக் குறைத்துக் காட்டினார்கள். எண்கள்தான் சண்டையைக் கொண்டுவருகின்றன என்றால், எண்ணே இல்லாத பலகை எழுதிவிட்டால் ஆயிற்று.

அந்த நடை எனக்கு நன்றாகப் பழகியது. வேலையிடத்தில் நாங்கள் எழுதும் டேட்டா ஷீட் இப்படித்தான் இருக்கும். ஒரு பம்ப் என்றால் மணிக்கு இவ்வளவு தண்ணீர், இந்த உயரம், இந்த உலோகம். அது குடிதண்ணீர் இழுக்கிறதா, செம்பனை ஆலைக் கழிவை ஆற்றில் தள்ளுகிறதா என்பது அதில் வராது. வரவேண்டும் என்று யாரும் கேட்டதும் இல்லை.

அந்தக் குண்டுகளைச் செய்த இடங்கள் அமெரிக்கா முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. டென்னசியில் ஓக் ரிட்ஜ், நியூ மெக்சிகோவில் லாஸ் அலமோஸ், வாஷிங்டன் மாநிலத்தில் ஹான்ஃபோர்டு. மூன்றையும் சேர்த்து 2015இல் தேசிய வரலாற்றுப் பூங்காவாக ஆக்கிவிட்டார்கள். ஷான்டிலிக்கும் ஹான்ஃபோர்டுக்கும் இடையே சாலை வழியாகச் சுமார் நாலாயிரம் கிலோமீட்டர். நம் ஊரில் பினாங்கு போவதையே தூரப் பயணம் என்போம்.

ஹான்ஃபோர்டு வறண்ட நிலம். கொலம்பியா ஆறு ஓரமாக ஓடுகிறது. 1943இல் அங்கிருந்த விவசாயக் குடும்பங்களை வெளியேற்றிவிட்டு வேலையை ஆரம்பித்தார்கள். பழைய உயர்நிலைப் பள்ளியின் வெற்றுச் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. அங்கே வேலை செய்த நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு என்ன கட்டுகிறோம் என்றே தெரியாது. அப்படிக் கட்டியதுதான் பி ரியாக்டர், உலகின் முதல் பெரிய அளவு அணு உலை. கட்டணம் வாங்காமலே பஸ்ஸில் அழைத்துப்போய்க் காட்டிவந்தார்கள். அதன் முன்சுவர் மூன்று நான்கு மாடி உயரம். அதில் 2004 குழாய்களின் வாய்கள் வரிசை வரிசையாகத் தெரியும். பொறியியல் படித்தவன் அந்தச் சுவர் முன்னால் சும்மா நிற்க முடியாது. பிரமிப்பு வந்தே தீரும்.

அந்த 2004க்கு ஒரு கதை உண்டு. இயற்பியலாளர்களின் கணக்குப்படி 1500 குழாய்கள் போதும். கட்டுமானத்தை ஏற்றிருந்த டூபாண்ட் நிறுவனத்தின் பொறியாளர்களுக்கு அது திருப்தி தரவில்லை. தெரியாத ஒன்று வந்து நின்றால் என்ன செய்வது என்று மூலைகளில் 504 குழாய்களைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். வீண் தாமதம் என்று விஞ்ஞானிகள் முணுமுணுத்தார்கள். 1944 செப்டம்பர் கடைசியில் உலையை இயக்கினார்கள். நன்றாக ஓடியது, பிறகு தானாகவே சக்தி குறைந்து அணைந்துபோனது. கொஞ்ச நேரம் கழித்துத் தானாக உயிர்பெற்றது, மறுபடியும் அணைந்தது. அணுப்பிளவில் உண்டாகும் செனான்-135 என்ற வாயு நியூட்ரான்களை விழுங்கிவிடுகிறது என்று கண்டுபிடித்தார்கள். அந்த இழப்பை ஈடுகட்ட அதிக எரிபொருள் வேண்டும். 1500 குழாயோடு நின்றிருந்தால் வழியே இல்லை. கூடுதல் குழாய்கள் தயாராக இருந்தன, நிரப்பினார்கள், உலை முழுச் சக்தியில் ஓடியது.

இது அருமையான பொறியியல் கதை. எல்லாப் பல்கலைக்கழகத்திலும் முதலாண்டில் சொல்லலாம். உனக்குத் தெரியாதது இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு அதற்கு இடம் விட்டு வை என்பதைவிட நல்ல பாடம் எங்கள் தொழிலில் இல்லை. கேட்கும் யாருக்கும் உலை மறுபடி ஓடியதும் ஒரு நிம்மதி வரும். எனக்குச் சிக்கலே அந்த நிம்மதிதான். ஏனென்றால் அந்த உலையின் புளூட்டோனியம்தான் நாகசாகியில் விழுந்தது. 504 குழாய்கள் இல்லையென்றால் அந்த ஆகஸ்டுக்குள் அது கிடைத்திருக்குமா என்பது சந்தேகம். 1945 முடிவதற்குள் நாகசாகியில் செத்தவர்கள் சுமார் எழுபதாயிரம் பேர்.

திறமை வேறு, பயன் வேறு, இரண்டையும் குழப்பாதே என்பார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. அந்த முன்யோசனை உண்மையான நற்குணம்தான், போலி இல்லை. உண்மையாக இருந்ததால்தான் அது பலித்தது. அதனால் 2004 என்று எழுதும் பலகையில் பக்கத்திலேயே எழுபதாயிரம் என்றும் எழுதவேண்டும். அது குற்றப்பத்திரிகை ஆகாது. கணக்கு முழுமையாகும், அவ்வளவுதான்.

ஆனால் என் பாட்டியிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்தில் மரவள்ளிக்கிழங்கு தின்று வளர்ந்தவர். குண்டு போட்டான், ஜப்பான்காரன் ஓடினான், நாம் பிழைத்தோம், கதை அவருக்கு அங்கே முடிந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயிலுக்குப் போன தமிழர்கள் பல்லாயிரம் பேர். அந்தப் பாதையில் இறந்த ஆசியத் தொழிலாளர்கள் சுமார் தொண்ணூறாயிரம் என்று மதிப்பிடுகிறார்கள். போர் இன்னும் ஒரு வருஷம் நீண்டிருந்தால் இங்கே எத்தனை பேர்? 1995 சண்டையில் இரு தரப்பும் பெரும்பாலும் அமெரிக்க உயிரையும் ஜப்பானிய உயிரையும்தான் எடைபோட்டார்கள். மலாயா, ஜாவா, பர்மா எல்லாம் தராசுக்கு வெளியே கிடந்தன.

அப்படியானால் பலகையில் எந்த எண்ணைப் போடுவது? ஹிரோஷிமாவின் ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்குப் பக்கத்தில் மரண ரயிலின் தொண்ணூறாயிரத்தை வைத்தால், இரண்டாவது எண் முதல் எண்ணுக்குச் சாக்குச் சொல்வது போல ஆகிவிடும். வைக்காவிட்டால் எனோலா கே பலகை செய்ததையே நாமும் செய்கிறோம். என் பக்கம், இரண்டையும் வைக்கவேண்டும், நடுவில் 'ஆகவே' என்ற சொல் மட்டும் வரக்கூடாது. ரப்பர்த் தோட்டத்துக் குழந்தை பிழைத்ததும் நாகசாகிக் குழந்தை எரிந்ததும் ஒரே கணக்கில் கழித்துக்கொள்ளக்கூடிய எண்கள் இல்லை. பாட்டியின் நன்றியுணர்வைத் தப்பு என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. அதை நான் வாரிசாக வாங்கிக்கொண்டு அந்தச் சுவர் முன்னால் நிம்மதிப்படவும் உரிமை கிடையாது.

நியூ மெக்சிகோவில், 1945 ஜூலை 16 அன்று முதல் சோதனைக் குண்டு வெடித்த டிரினிட்டி திடலை ஆண்டில் ஓரிரு நாள்தான் திறந்துவிடுகிறார்கள். நடுவில் எரிமலைக் கல்லால் கட்டிய ஒரு தூண். உலகின் முதல் அணுச் சாதனம் இங்கே வெடிக்கப்பட்டது, தேதி, அவ்வளவுதான் அதில் இருக்கும். கதிர்வீச்சுப் பாதிப்புக்கு நஷ்டஈடு தரும் சட்டம் 1990இல் வந்தபோது அந்தச் சோதனையின் தூசு விழுந்த சுற்றுவட்டார மக்களைச் சேர்க்கவில்லை. 2025இல்தான் சேர்த்தார்கள். அந்த மக்கள் வருஷாவருஷம் ஜூலையில் டுலரோசா ஊரில் கூடி, காகித விளக்குகளை ஏற்றி வைத்து, புற்றுநோயில் போன உறவினர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்கிறார்கள். திடல் திறக்கும் நாட்களில், பார்க்க வரும் கார்கள் நுழையும் வாசலில் அட்டைகளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.