சிசு மரணமும் வினைக்கோட்பாடும்

நல்லதும் கெட்டதும் அறியாத சிசு ஏன் துன்புற்று இறக்கவேண்டும் என்பது சமயங்கள் எதிர்கொண்ட கேள்விகளுள் மிகக் கடினமானது. வளர்ந்தவரின் துன்பத்துக்கு அவர் செய்த பிழையைக் காரணம் காட்டலாம்; அது அவரைத் திருத்தும் என்றும் சொல்லலாம். பிறந்து சில நாளே ஆன குழந்தைக்கு இவ்விரண்டும் பொருந்தா.

இத்தகைய இறப்புகள் அரிதல்ல. 2022இல் உலகில் சுமார் 23 லட்சம் குழந்தைகள் பிறந்து ஒரு மாதத்துக்குள் இறந்தன என்பது ஐ.நா. அமைப்புகளின் மதிப்பீடு. குறைப்பிரசவம், பிரசவகாலச் சிக்கல், பிறவிக் குறை ஆகியவற்றோடு தொற்றும் முதன்மைக் காரணங்களுள் ஒன்று. தொப்புள்கொடி வழியாகவோ குடல் வழியாகவோ நுழையும் கிருமி இரத்தத்தில் பரவினால் செப்சிஸ் உண்டாகிறது. குறைமாதக் குழந்தைகளிடம் குடற்சுவரே அழுகும் நோயும் வருவதுண்டு. தாய்ப்பால் அந்த ஆபத்தைக் குறைக்கிறது.

இக்கேள்விக்குக் கிறித்தவத்தில் இறையியலாளர் அகஸ்டின் தந்த விடை ஆதிப்பாவம்: மனித இனம் முழுவதும் ஆதாமின் குற்றத்தில் பங்குடையது, சிசுவும் விலக்கல்ல. அவர் காலத்திலேயே எக்லானம் நகர ஆயர் ஜூலியன் இதைக் கடுமையாக மறுத்தார். திருமுழுக்குப் பெறாமல் இறக்கும் சிசுக்களும் மீட்படைவர் என்று நம்ப இடமுண்டு என 2007இல் வத்திக்கானின் இறையியல் ஆணையம் அறிவித்தது. ஒவ்வொரு குழந்தையும் தூய இயல்போடு பிறக்கிறது என்பது இஸ்லாமின் நிலை. இந்தியச் சமயங்கள் முற்பிறவி வினையைக் காட்டுகின்றன. இவ்விடையில் உலக நீதி காக்கப்படுகிறது. ஆனால் தான் செய்ததை நினைவில் கொள்ளாத உயிரைத் தண்டிப்பது எப்படி நீதியாகும் என்ற ஐயம் எஞ்சுகிறது.

மெய்யியலார் தீமையை இரண்டாகப் பிரிப்பர்: வெள்ளம், நோய் போன்ற இயற்கைத் தீமை, கொலை, வஞ்சனை போன்ற மனிதத் தீமை. நெடுங்காலம் சிசு மரணம் முதல் வகையில் வைக்கப்பட்டிருந்தது. அந்த இடம் இன்று உறுதியாக இல்லை. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் அபய் பங், ராணி பங் என்ற மருத்துவத் தம்பதியர் கிராமப் பெண்களுக்குப் பயிற்சி அளித்தனர். அப்பெண்கள் வீடுவீடாகச் சென்று தொற்றின் அறிகுறிகளை இனங்கண்டு, ஜென்டாமைசின் ஊசி போட்டனர். அங்கு பிறந்து ஒரு மாதத்துக்குள் நேரும் சிசு மரணம் 62 விழுக்காடு குறைந்ததாக 1999இல் லான்செட் இதழ் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஒடிசாவின் கிராமங்களில் 4,556 குழந்தைகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2017இல் நேச்சர் இதழில் வந்தது. பிறந்த முதல் வாரத்தில் தொடங்கி 7 நாள் நன்மை செய்யும் நுண்ணுயிரும் அதற்கு உணவாகும் சர்க்கரையும் புகட்டப்பட்ட குழந்தைகளிடம், செப்சிஸோ மரணமோ நேர்ந்தது 5.4 விழுக்காடு; புகட்டப்படாதவர்களிடம் 9 விழுக்காடு.

மலிவான மருந்தும் பயிற்சி பெற்ற ஓர் ஆளும் தடுக்கக்கூடிய சாவை இயற்கையின் கணக்கில் எழுதுவது கடினம். ‘இறைவன் ஏன் அனுமதித்தான்’ என்ற கேள்விக்கு முன்பாக ‘இது யார் கடமை’ என்ற கேள்வி வந்து நிற்கிறது. பிரசவத் தீட்டைக் கருதித் தாயையும் சேயையும் ஒதுக்கிவைப்பது, சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுத் தேன் தொட்டு வைப்பது போன்ற வழக்கங்களையும் இக்கேள்வி விடுவதில்லை.

வினைக்கோட்பாடு இந்தக் கடமையைத் தட்டிக்கழிக்க இடம் தருகிறதா? ‘அதன் விதி அவ்வளவுதான்’ என்பது மக்கள் வழக்கு, சாத்திரத்தின் முடிவன்று. சைவ சித்தாந்தம் வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என மூன்றாக வகுக்கிறது. குவிந்து கிடப்பது சஞ்சிதம், இப்பிறவியில் நுகர வந்தது பிராரத்தம், இப்போது புதிதாக ஈட்டுவது ஆகாமியம். குழந்தையின் நோய் அதன் பிராரத்தம் என்றே கொண்டாலும், உதவ முடிந்தும் உதவாதவரின் செயல் அவருடைய ஆகாமியத்தில் சேரும். பிறர் வினையை அளந்தறிய யாருக்கும் இயலாது என்பதால், சிகிச்சையால் பிழைப்பதும் அக்குழந்தையின் பிராரத்தமாக இருக்கலாம். எனவே கோட்பாட்டை முழுமையாக ஏற்பவருக்கும் மருந்தை மறுக்க நியாயமில்லை.

இதனால் பழைய கேள்வி தீர்ந்துவிடவில்லை. எல்லா வசதியும் உள்ள மருத்துவமனையிலும் மிகக் குறைமாதத்தில் பிறந்த சில குழந்தைகள் குடல் அழுகி இறக்கின்றன. அங்கே குற்றம் சாட்ட மனிதர் எவரும் இல்லை. சமயங்களின் விடைகள் உண்மையில் சோதிக்கப்படுவது அந்த மரணங்களில்தான். தடுக்கக்கூடிய மரணங்களுக்கு அந்த விடைகளை நீட்டுவது அவற்றின் எல்லையை மீறுவதாகும்.