கேன்டீன் போர்டில் ஒரு எண்

தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் நான் வேலை பார்க்கும் கம்பெனியின் கேன்டீனில் போன வருஷம் ஒரு போர்டு வைத்தார்கள். ‘ஆரோக்கிய மாதம்’ என்று ஹெச்.ஆர். ஆட்கள் யோகா வகுப்பு, பி.பி. செக்கப் எல்லாம் நடத்திக்கொண்டிருந்தார்கள். அதில் இந்தப் போர்டும் ஒன்று. ஒவ்வொரு பண்டத்துக்கும் எதிரே அதன் கலோரி. சமோசா ஒன்று 260. பரோட்டா ஒன்று 300. மிக்சர் ஒரு கப் 270. டீ 90. இட்லி மூன்று 180. சுண்டல் ஒரு கப் 150.

மூணு இட்லியைவிட ஒரு சமோசா அதிகம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். என் கணக்கில் சமோசா சாப்பாடே இல்லை, டீயோடு சும்மா வருவது. டீயும் சாப்பாடு இல்லை, வேலைக்கு நடுவில் எழுந்து போக ஒரு சாக்கு. ஆனால் நாலு டீ, ஒரு சமோசா என்று கூட்டினால் 620. ‘இன்னிக்கு ஒண்ணுமே சாப்பிடலம்மா’ என்று போனில் சொன்ன நாட்களில்கூட இவ்வளவு உள்ளே போயிருக்கிறது.

ஏன் இப்படி என்று தேடிப் படித்தேன். மாவுச்சத்தோ புரதமோ ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 4 கலோரி, கொழுப்பு ஒரு கிராமுக்கு 9. இட்லியில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீருக்குக் கலோரி கிடையாது. எண்ணெயில் பொரிக்கும்போது மாவில் இருக்கிற தண்ணீர் ஆவியாகிப் போய்விடுகிறது, அந்த இடத்தில் எண்ணெய் வந்து உட்காருகிறது. ஒரு டேபிள் ஸ்பூன் எண்ணெய் 120 கலோரி. ரகசியம் அவ்வளவுதான். கையில் எடுத்தால் கனமே இல்லாத முறுக்கும் மிக்சரும் கணக்கில் கனமாக இருப்பதற்குக் காரணம் இது.

போனில் ஒரு செயலியை இறக்கினேன். உயரம், எடை, எவ்வளவு குறைய வேண்டும் என்று கேட்டது. சொன்னேன். ஒரு நாளைக்கு 1,200 என்றது. மூன்று மாதம் அந்த 1,200-க்குள் வாழ்ந்தேன். ஒரு கை வேர்க்கடலையை விட்டுவிட்டு, ‘ஒரு பிஸ்கட்டுக்கு இவ்வளவுதான்’ என்று பாக்கெட்டில் போட்டிருந்த பிஸ்கட்டைச் சாப்பிட்டேன். எண் சின்னதாக இருந்தது. பசி பெரிதாக இருந்தது. அதையும் சாதனை என்றே நினைத்துக்கொண்டேன்.

போர்டு வைத்த இரண்டாவது வாரம் என்று நினைக்கிறேன். லோடிங்கில் ஒப்பந்தத் தொழிலாளியாக வேலை செய்யும் ஒரு அண்ணன் தட்டோடு போர்டு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

“மேடம், இந்த நம்பர்லாம் இன்னா மேடம்? விலையா?”

“விலை இல்லண்ணா. அதச் சாப்பிட்டா உடம்புக்கு எவ்ளோ சக்தி கிடைக்கும்னு போட்டிருக்காங்க.”

“அப்போ சமோசால இருக்கிறது சுண்டல்ல இல்லியா?”

“நம்பர் படி பார்த்தா, ஆமாண்ணா.”

எங்கள் கேன்டீனில் ஒரு டோக்கனுக்கு ஒரு பலகாரம். அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். “தோடா! இத்தினி நாளா ஏமாந்துட்டேன் பாரு” என்று சிரித்துக்கொண்டே சுண்டலை வைத்துவிட்டு சமோசாவை எடுத்துக்கொண்டு போனார்.

நானும் சிரித்தேன். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் ஊத்துக்கோட்டைக்குத் திரும்பும்போதுதான் உறுத்தியது. ஒரே போர்டு, ஒரே எண். நான் எதைப் பார்த்துப் பயந்தேனோ அதைப் பார்த்து அவர் சந்தோஷப்பட்டார். இதில் யார் படித்தது சரி?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல் வெளியிட்ட கணக்குப்படி, உட்கார்ந்து வேலை செய்யும் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1,660 கலோரி தேவை. கடும் உடலுழைப்புச் செய்யும் ஆணுக்கு 3,470. இரண்டு மடங்குக்கும் மேல். போர்டில் சமோசாவுக்கு எண் இருந்தது. அதைச் சாப்பிடுகிற ஆளுக்கு இல்லை.

அதற்குப் பிறகு இந்த எண் எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன். அமெரிக்க வேதியியலாளர் ஆட்வாட்டர் 1890-களில் ஒரு அறை அளவுள்ள பெட்டியை அமைத்து, அதற்குள் ஆட்களை நாள்கணக்கில் தங்கவைத்து, அவர்கள் தின்றதையும் அவர்கள் உடம்பிலிருந்து வெளியான வெப்பத்தையும் அளந்தார். நாம் இன்றும் பயன்படுத்தும் 4, 9, 4 என்ற கணக்குக்கு அடிப்படை அவர் வேலைதான். அவருடைய பெரிய கவலைகளில் ஒன்று, கூலிக்காரக் குடும்பம் கையில் இருக்கிற காசுக்கு அதிக சக்தி தரும் உணவை வாங்குகிறதா என்பது. காசு கொடுத்துப் பழமும் கீரையும் வாங்குவது அவருக்கு வீண்செலவாகப் பட்டது. அதாவது எங்கள் லோடிங் அண்ணன் அந்தப் போர்டை ஆட்வாட்டர் படித்த மாதிரியே படித்திருக்கிறார்.

நான் படித்த விதம் பிறகு வந்தது. 1918-ல் லூலு ஹன்ட் பீட்டர்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் எடை குறைப்பதற்கென்று ஒரு புத்தகம் எழுதினார். இனிமேல் ‘ஒரு துண்டு ரொட்டி’ என்று சொல்லாதீர்கள், ‘100 கலோரி ரொட்டி’ என்று சொல்லுங்கள் என்றார். அந்தப் புத்தகம் அமோகமாக விற்றது. என் செயலி அதன் பேத்தி.

நம் ஊரில் இந்த எண் பசியின் பக்கமே ரொம்ப நாள் நின்றது. 1937-ல் குன்னூர் ஆய்வுக்கூடத்திலிருந்து ஐக்ராய்ட் வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்து அட்டவணை, போதுமான சாப்பாட்டைத் திட்டமிடுவதற்காக வந்தது. 1979-ல் திட்டக்குழு அமைத்த பணிக்குழு, கிராமத்தில் 2,400, நகரத்தில் 2,100 கலோரி வாங்கிச் சாப்பிட முடியாதவர்களை ஏழை என்று வரையறுத்தது. கலோரி கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள் யார் என்று அரசாங்கம் தேடிய காலம் அது.

இன்னும் பின்னால் போனால், கலோரிக் கணக்கு வருவதற்கு முன்பே 1877-ல் சென்னை மாகாணம் தாது வருஷப் பஞ்சத்தில் இருந்தது. நிவாரண வேலையில் மண் சுமந்து கல் உடைத்த ஆணுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் முடிவு செய்தார். போதாது, ஆட்கள் செத்துப்போவார்கள் என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து வாதாடினார். ஒரு பவுண்டு அரிசி இன்றைய கணக்கில் சுமார் 1,600 கலோரி. வரலாற்றில் கொடூரம் என்று பேர் வாங்கிய கூலி அது. நான் போனில் வைத்துக்கொண்ட எண் 1,200. இரண்டும் ஒன்றல்ல, எனக்குத் தெரியும். நான் நினைத்தால் எந்த நிமிஷமும் பிரிட்ஜைத் திறக்கலாம், அவர்களுக்குத் திறக்க ஒன்றும் இருக்கவில்லை. ஆனாலும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த ராத்திரி செயலியைத் திறக்கக் கூச்சமாக இருந்தது.

அம்மாவுக்கு வருகிறேன். தீபாவளிக்கு அவள் அதிரசம் சுட்டுத் தட்டில் வைத்து நீட்டினாள். நான் எடுக்காமல், “ஒண்ணு 200 கலோரிம்மா, மூணு இட்லிக்கு மேல” என்றேன். நக்கலாகச் சொல்லவில்லை. தெரிந்துகொண்ட ஆச்சரியத்தைப் பகிர்ந்துகொள்வதாகத்தான் நினைத்தேன். அவளுக்கு சுகர் இருக்கிறது, அவளும் தெரிந்துகொள்ளட்டுமே என்பது உள்ளே இருந்த நியாயம். அவள் ஒன்றும் சொல்லாமல் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். பொங்கலுக்குப் பலகாரம் எதுவும் செய்யவில்லை. அப்பா கேட்டதற்கு, “உம்பொண்ணு கணக்கு சொல்லுவா, எதுக்கு” என்றாள்.

1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது அம்மா ஒன்றாம் வகுப்பு. தட்டோடு வரிசையில் நின்றதை இன்றும் சொல்வாள். வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறுவது வருஷத்துக்கு இரண்டு தடவையாம். அவளுக்கு அதிரசம் என்றால் வெல்லம் வாங்கக் காசு இருக்கிறது, எண்ணெய் வாங்கக் காசு இருக்கிறது, பிள்ளைக்குக் கொடுக்க மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். அவள் நீட்டியது அது. நான் திருப்பிக் கொடுத்தது ஒரு எண்.

அப்படியானால் கலோரி பார்ப்பதே தப்பா? அப்படிச் சொல்லிவிட்டால் கட்டுரை சுலபமாக முடிந்துவிடும். ஆனால் அது உண்மை இல்லை. சென்னை நீரிழிவு ஆய்வு அறக்கட்டளை முன்னின்று நடத்திய ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-ல் சொன்னது. சர்க்கரையும் எண்ணெயும் மைதாவும்தான் இன்றைக்கு மலிவாகக் கிடைக்கும் கலோரி. வயிறு நிறைய மலிவான வழியைத் தேடுகிறவர்கள் கடைசியில் அங்கேதான் வந்து சேருகிறார்கள். கலோரி பார்ப்பது வசதியானவர்களின் பொழுதுபோக்கு என்று கிண்டல் செய்தால், அந்த அறிவு யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குப் போய்ச் சேராமலே போகும்.

எனக்கு உறுத்துவது வேறு. நான் அந்த அண்ணனிடம் பொய் சொல்லவில்லை. சமோசாவில் சக்தி அதிகம், உண்மைதான். ஆனால் சுண்டலில் இருக்கிற புரதமும் நார்ச்சத்தும் போர்டில் இல்லை. நாள் பூரா மூட்டை தூக்குகிறவரின் தசைக்கு அது வேண்டும். அதை நான் சொல்லவில்லை. உண்மையைச் சொல்லி, அவர் தட்டிலிருந்து நல்ல சாப்பாட்டை எடுத்துவிட்டேன். கடலையை விட்டுவிட்டு பிஸ்கட் தின்ற நானும் அதே எண்ணிடம்தான் ஏமாந்தேன். அவருக்குப் பெரிய எண் நல்லதாகத் தெரிந்தது, எனக்குச் சின்ன எண். இரண்டு பேருமே எண்ணைத் தின்றோம்.

இத்தனைக்கும் அந்த எண் அவ்வளவு உறுதியானதும் இல்லை. 28 கிராம் பாதாமில் 170 கலோரி என்று ரொம்ப நாளாகச் சொல்லிவந்தார்கள். உடம்புக்கு உண்மையில் கிடைப்பது 129-தான் என்று அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் 2012-ல் கண்டுபிடித்தார்கள். மீதி மெல்லப்படாமல், செரிக்கப்படாமல் வெளியே போய்விடுகிறது.

ஒரு பண்டத்தில் இவ்வளவு இருக்கிறது என்பது தகவல். அதைச் சாப்பிடு, சாப்பிடாதே என்பது அந்தத் தகவலுக்குள் இல்லை. அது சாப்பிடுகிறவரின் வேலையில், வயசில், நோயில், பசியில் இருக்கிறது. குறளில் ‘மருந்து’ அதிகாரம் அளவறிந்து உண்ணச் சொல்லும்போது பசியையும் செரிமானத்தையும் பார்க்கச் சொல்கிறது, அளவு பண்டத்தில் இருப்பதாகச் சொல்லவில்லை. பண்டத்தை மட்டும் பார்த்து எண்ணைச் சொல்கிறவன் பாதிதான் சொல்கிறான். பாதி உண்மையைக் கேட்டவர் மீதியைத் தன் ஆசையாலோ பயத்தாலோ நிரப்பிக்கொள்கிறார்.

இந்தத் தொழிற்பேட்டை இருக்கும் இடமே அதற்கு ஒரு உதாரணம். ஆயிரம் ஏக்கருக்கு மேல் மேய்க்கால் நிலம் இது. ஆடு மாடு மேய்ந்த இடம். கொடுக்க மாட்டோம் என்று ஊர்க்காரர்கள் போராடினார்கள், வழக்கும் நடந்தது. முதலீடு இத்தனை கோடி, வேலை இத்தனை பேருக்கு என்ற எண்கள் ஒரு பக்கம் இருந்தன. வீட்டில் கறந்த பால் எத்தனை படி என்பது எந்தப் போர்டிலும் ஏறவில்லை. அந்த அண்ணன் இந்தப் பக்கத்து ஆள்தான். “முன்னலாம் நம்ம வூட்லயே ஆடு இருந்துச்சு மேடம்” என்று ஒருநாள் சொன்னார். அப்போது எத்தனை கலோரி சாப்பிட்டார் என்று கணக்குப் போட என்னிடம் செயலி இல்லை.

கொஞ்ச நாள் கழித்து அவரைப் பார்த்து, “அண்ணா, அன்னிக்கு நான் அரைகுறையா சொல்லிட்டேன். சுண்டலே நல்லது. உடம்புக்குப் பலம் அதுலதான் வரும்” என்றேன். சிரித்தார். “அத அப்பவே சொல்றதில்லியா மேடம்?” என்றார். இப்போது ஒரு நாள் சுண்டல், ஒரு நாள் சமோசா எடுக்கிறார். அது அவர் முடிவு. செயலியை நான் அழித்துவிட்டேன். டீயில் மட்டும் சர்க்கரையைப் பாதியாகக் குறைத்திருக்கிறேன். அது தெரிந்துகொண்டதில் கிடைத்த நல்லது, அதை விடப் போவதில்லை.

அம்மாவிடம் இந்தத் தீபாவளிக்கு அதிரசம் சுடச் சொன்னேன். “எதுக்கு, கணக்கு போடவா?” என்றாள். “சாப்பிடத்தான்” என்றேன். கூட உட்கார்ந்து மாவு தட்டிக் கொடுத்தேன். நான் இரண்டு சாப்பிட்டேன். அவள் ஒன்றைப் பிட்டுப் பாதியை அப்பா தட்டில் வைத்தாள். அவளுடைய பாதிக்கு எத்தனை என்று எனக்குத் தெரியும். அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.