கொடை என்றொரு சொல்

இரண்டு வருடம் முன்பு, கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் சாலையில் உள்ள எங்கள் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வந்தவர் சின்னசேலத்தில் இருக்கும் இலங்கைத் தமிழர் முகாமைச் சேர்ந்தவர். மூன்றாம் நாள், "நாளைக்கு வர மாட்டேண்ணே, முகாம்ல செக்கிங்" என்றார். ஆள் இருக்கிறாரா என்று தலையெண்ணுகிற நாள். எண்ணினால்தான் மாதப் பணம்.

அந்தப் பணத்துக்கு அரசு வைத்திருக்கும் பெயர் பணக்கொடை. 2021-இல் குடும்பத் தலைவருக்கு அதை 1,500 ரூபாயாக உயர்த்தினார்கள். அதே ஆண்டு அகதிகள் முகாம் மறுவாழ்வு முகாமானது. நல்ல காரியம்தான், குறை சொல்ல மனம் வரவில்லை. 1983-இலிருந்து வந்தவர்களுக்கு அரிசியும் கூரையும் கொடுத்த மாநிலம் இது. ஆனால் கொடை என்பது கொடுப்பவரின் புகழ் பாடும் சொல். வாங்குபவர் பங்குக்கு நன்றி மட்டும்தான் மிச்சம். நாற்பது வருடம் ஒரு மனிதர் நன்றியோடேயே இருக்க முடியுமா?

அவர் பிறந்தது 1991-இல், இங்கேதான். 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்திருந்தால் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பிறகென்றால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண் நீதிமன்றம் போய்ப் பாஸ்போர்ட் வாங்கி, 2024-இல் ஓட்டும் போட்டுவிட்டார். இவர் நாலு வருடம் பிந்திவிட்டார், அவ்வளவுதான். பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று எண்ணிய 2019 சட்டத் திருத்தத்திலும் இலங்கை இல்லை.

எங்கள் மொட்டைமாடியில் நின்றால் கல்வராயன் மலை தெரியும். 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்த மலை. அங்கிருந்தும் பிழைப்புக்காகக் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் போகிறவர்கள் இருக்கிறார்கள். வறுமையில் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. ஆனாலும் ரோடு போடவில்லை என்றால் மறியல் செய்வார்கள், தேர்தலைப் புறக்கணிப்போம் என்பார்கள். நன்றிகெட்டவர்கள் என்று அவர்களை யாரும் சொல்ல முடியாது. இதை நான் சொன்னபோது அவர் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே, "நாங்க கேட்டா, இருக்க இடம் குடுத்தது போதாதாம்பாங்கண்ணே" என்றார்.

வேலை முடிந்த அன்று என் பழைய சட்டைகள் நாலைந்தைக் கட்டிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவர் கொஞ்சம் தயங்கினார். "அண்ணே, டியூல ஒரு வண்டி எடுக்கணும். உங்க பேர்ல எடுத்துத் தருவீங்களா? மாசாமாசம் நான் கட்டிருவேன்."

வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். சட்டை கொடுக்க நான் வீட்டில் கேட்கவில்லை.

அவர் அதைப் பற்றித் திரும்பப் பேசவே இல்லை. போன மாதம் கேட்டுக்குப் பெயின்ட் அடிக்க வேண்டியிருந்தது. வேறு ஆளைக் கூப்பிட்டேன்.