கயிறும் வாளியும்

இறைவன்மீது முழு நம்பிக்கை வைத்தவனுக்கு முன்னேற்பாடு எதற்கு? இது பழைய வினா. பயணம் புறப்படுவோர் மூட்டை கட்டும் வேளையில், “நடப்பது நடக்கும், அல்லாஹ் பார்த்துக்கொள்வான்” என்று சொல்வோர் நம் வீடுகளில் உண்டு. அச்சொல் ஈமானின் வெளிப்பாடாகவும் இருக்கலாம். சோம்பலின் போர்வையாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிவது எங்ஙனம்? திண்ணையில் அமர்ந்து இதற்கு விடை காண்பது அரிது. நீரற்ற பாலை நிலத்தில் ஒரு நடைப்பயணத்தைத் திட்டமிட்டுப் பார்த்தால் விடை தானே துலங்கும்.

அமெரிக்க நாட்டின் அரிசோனா மாநிலத்தில் கிராண்ட் கேன்யன் என்னும் பெரும்பள்ளத்தாக்கு உள்ளது. அதன் கிளைப் பள்ளத்தாக்கு ஒன்றில், ஏறத்தாழ நூறடி உயரத்திலிருந்து விழுகிறது ஹவாசு அருவி. சுற்றிலும் செந்நிறப் பாறை. நடுவே நீலமும் பச்சையும் கலந்த நீர். நீரில் கரைந்துள்ள சுண்ணாம்புச் சத்தே அந்நிறத்திற்குக் காரணம். நம் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் இன்று அந்நாட்டில் பணிபுரிகின்றனர். விடுமுறையில் இத்தகைய இடங்களைக் காண விழைகின்றனர். விழைவதில் தவறில்லை. படைப்பைப் பார்த்துப் படைத்தவனை நினைப்பது நம் மார்க்கம் விரும்பும் செயலே.

ஆயின் அங்கே செல்வது எளிதன்று. ஹுவாலபாய் ஹில்டாப் என்னுமிடத்தில் சாலை முடிந்துவிடுகிறது. அதன்பின் சூப்பாய் என்னும் சிற்றூருக்கு எட்டு மைல் நடக்க வேண்டும். கூடாரமடித்துத் தங்குமிடம் மேலும் இரண்டு மைலில் இருக்கிறது. ஊர் வரையுள்ள எட்டு மைலில் குடிக்க ஒரு மிடறு நீர் கிடைக்காது. கோடையில் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டும். அவ்வூருக்கு அஞ்சல்கூடக் கோவேறு கழுதைகளின் முதுகிலேதான் செல்கிறது.

இப்பாதையில் ஒரு நுட்பம் உண்டு. மலையேறுகிறவன் களைத்தால் திரும்பி இறங்கிவிடலாம். ஏற்றம் முதலில், இறக்கம் பின்னர். பள்ளத்தாக்கில் அது தலைகீழ். தொடக்கத்தில் கால் தானாக இறங்குகிறது. மனம் தன் வலிமையைப் பெரிதாக எண்ணுகிறது. திரும்பும்போதுதான், சோர்ந்த உடலுடன், கடைசி மைல்களில் செங்குத்தான ஏற்றம் எதிர்ப்படுகிறது. எனவே அருவியை அடைவதற்கான ஆற்றலை மட்டும் கணக்கிட்டவன் பாதிக் கணக்கே போட்டவனாவான்.

வானமும் அங்கே முழுச் செய்தியைச் சொல்லாது. தலைக்குமேல் வெயில் காயும் வேளையில், பல மைல்களுக்கு அப்பால் பெய்த மழை வறண்ட ஓடை வழியே திடீர் வெள்ளமாக வந்து சேரலாம். 2008 ஆகஸ்டில் வந்த வெள்ளத்தில் ஓடையே தடம் மாறிற்று; நவஜோ அருவி என வழங்கிய அருவி நீரற்றுப் போயிற்று. 2024 ஆகஸ்டில் வந்த வெள்ளத்தில் நடைப்பயணி ஒருவர் உயிரிழந்தார்; நூற்றுக்கும் மேற்பட்டோரை ஹெலிகாப்டரில் வெளியேற்ற நேர்ந்தது.

ஆகவே புறப்படுமுன் எந்த மாதம், எந்த நேரம், ஒருவருக்கு எத்தனை லிட்டர் நீர், உடன் வருவோரில் நோயாளி எவர், மேல்நிலத்தில் மழை உண்டா என்றெல்லாம் எண்ணியாக வேண்டும். இவ்வாறு எண்ணுவது தவக்குலுக்கு மாறானதா?

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்பும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தியை நாம் எல்லோரும் அறிவோம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யா நூலின் தவக்குல் பகுதியில் இன்னும் நுட்பமான ஒரு சான்று காட்டுகிறார்கள். இப்ராஹீம் அல்கவ்வாஸ் (ரஹ்) என்ற இறைநேசர் தவக்குலில் உயர்ந்த நிலையினராக மதிக்கப்பட்டவர். பாலையில் தனியே திரிந்தவர். எனினும் ஊசி, கத்தரி, கயிறு, நீர் முகக்கும் தோற்கலம் ஆகிய நான்கையும் அவர் பிரிந்ததில்லை. ஏன்? பாலையில் நீர் தரைமேல் கிடப்பதில்லை. கயிறும் வாளியுமின்றிக் கிணற்று நீர் மேலேறி வருவது இறைவன் வகுத்த வழக்கமன்று. இதுவே இமாமவர்கள் தரும் விளக்கம்.

இவ்விளக்கம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. கயிறு எடுத்துச் சென்றவர் இறைவனை ஐயுறவில்லை. அவனுடைய ஒழுங்கை மதித்தார். தாகத்தைப் படைத்தவன் அவனே. வெயிலைப் படைத்தவன் அவனே. நீர் இவ்விடத்தில் உண்டு, இவ்விடத்தில் இல்லை என்று பகுத்தவனும் அவனே. அப்பகுப்பை அறிந்தும் வெறுங்கையுடன் நடப்பவன், ‘எனக்காக உன் வழக்கத்தை மாற்று’ என்று கட்டளையிடுபவன் போலாகிறான். அடிமைக்கு அழகு அதுவா?

இன்னொரு கோணமும் உண்டு. யமன் நாட்டார் சிலர், தாம் தவக்குல் உடையவர் எனக் கூறிக்கொண்டு கட்டுச்சோறின்றி ஹஜ்ஜுக்கு வருவர். வந்து சேர்ந்ததும் மக்களிடம் கையேந்துவர். பயணத்திற்கு உணவு கொண்டு செல்லுமாறு பணிக்கும் திருவசனம் அவர்களையொட்டி இறங்கியதென இப்னு அப்பாஸ் (ரலி) அறிவித்துள்ளார்கள். ஆயத்தமின்றிச் செல்பவன் தன் சுமையை இறைவன்மீது வைப்பதாக நினைக்கிறான். உண்மையில் பிற மனிதர் தலையில் வைக்கிறான். பள்ளத்தாக்கில் மயங்கி விழுந்தவனைத் தூக்கி வருபவருக்கும் உயிர் உண்டு. அவருக்காக வீட்டில் காத்திருப்போரும் உண்டு. முன்னேற்பாடு வெறும் தற்காப்பன்று. அடியார்களுக்கு நாம் செலுத்த வேண்டிய உரிமையும் ஆகும்.

அருவிக்கு உரியோரும் உளர். அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்வோர் ஹவாசுபாய் மக்கள். ‘நீலப்பச்சை நீரின் மக்கள்’ என்பது அப்பெயரின் பொருள். 1882-ல் அரசு அவர்களுக்கென விட்டுவைத்தது 518 ஏக்கரே. நெடுங்காலம் போராடி, 1975-ல் ஏறத்தாழ 1,85,000 ஏக்கரை மீளப் பெற்றனர். அவர்களிடம் முன்பதிவு செய்யாமல் எவரும் அங்கே இறங்கலாகாது. ஒரே நாளில் சென்று மீளவும் இசைவில்லை. சிலருக்கு இவ்விதிகள் இடையூறாகத் தோன்றலாம். பிறர் இல்லத்தில் அனுமதி கேட்டு ஸலாம் சொல்லி நுழையவும், திரும்பிச் செல்லுமாறு கூறப்பட்டால் மனம் கோணாது திரும்பவும் கற்ற சமுதாயம் நாம். நமக்கு இது புதிய பாடமன்று.

இனி, மறுபக்கத்து ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். பல மாதங்களுக்கு முன்பே அனுமதி பெற்று, பணம் கட்டி, விடுப்பெடுத்து, ஒவ்வொரு பொருளையும் சரிபார்த்து வந்தவனுக்கு ஒரு மயக்கம் உண்டாகிறது. ‘எல்லாம் செய்துவிட்டேன், அருவி எனக்குக் கடன்பட்டிருக்கிறது’ என்று அவன் உள்ளம் எண்ணத் தொடங்குகிறது. மேகம் கறுத்தாலும், துணைவர் தளர்ந்தாலும், அவன் நடையை நிறுத்த மாட்டான். வெறுங்கையோடு வந்தவன் இறைவனின் ஒழுங்கை மறந்தான். இவனோ இறைவனையே மறந்தான்.

உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டை நோக்கிச் சென்றபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதை வழியில் அறிந்தார்கள். தோழர்களைக் கலந்தார்கள், திரும்ப முடிவு செய்தார்கள். இறைவிதியைவிட்டா ஓடுகிறீர்கள் என அபூஉபைதா (ரலி) வினவினார்கள். ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்னும் கருத்துப்பட விடையளித்த கலீஃபா, ஓர் உவமையும் கூறினார்கள். ஒரு பள்ளத்தாக்கின் ஒரு கரை செழிப்பு, மறுகரை வறட்சி. ஒட்டகத்தை எக்கரையில் மேய்த்தாலும் இறைவிதிப்படியே மேய்க்கிறோம் அல்லவா என்பது அது. முன்னே செல்வது மட்டுமே விதி, திரும்புவது விதியன்று என எண்ணுவோர்க்கு இதைவிடத் தெளிவான மறுமொழி வேண்டுமோ?

எனவே தவக்குலை அளக்கும் இடம் இரண்டு. ஒன்று, புறப்படுமுன் மூட்டை கட்டும் இடம். அங்கே அது கயிறாகவும் வாளியாகவும் தோன்றும். மற்றொன்று, அருவியின் ஓசை காதில் விழும் தொலைவில், மேலும் செல்வது தகாது எனத் தெரியவரும் இடம். அங்கே அது திரும்பி நடக்கும் காலாகத் தோன்றும். முதலாவதைச் செய்து இரண்டாவதைச் செய்ய இயலாதவன் தன் திட்டத்தையே நம்பியிருந்தான் என்பது அப்போது வெளியாகிவிடும்.

நம் பிள்ளைகள் பயணம் புறப்படும்போது, “அல்லாஹ் பார்த்துக்கொள்வான்” என்று சொல்வோம். சொல்லிக்கொண்டே அவர்கள் தண்ணீர்க் குடுவை நிரம்பியிருக்கிறதா என்றும் பார்ப்போம். காண முடியாமல் திரும்பி வந்தால், கண்டு வந்தவர்களைப் போலவே அவர்களையும் வாசலில் நின்று வரவேற்போம். வல்ல நாயன் நம் அனைவருக்கும் ஆயத்தத்தையும் அடக்கத்தையும் ஒருங்கே தந்தருள்வானாக!