தரிசு நிலத்தைத் திருத்துங்கள்



தியான பகுதி: ஓசியா 10:12

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். நம்முடைய நீலகிரியில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மேகமும் காற்றும் இல்லாத ராத்திரியில் தலைக்குந்தா, காந்தல் பக்கம் புல்லெல்லாம் உப்புக் கொட்டினதுபோல வெளுத்துவிடும். வெயில் ஏறினதும் பார்த்தால் இலை கருகி நிற்கும். ஆனாலும் அந்தக் குளிரிலேதான் தோட்டக்காரன் மண்வெட்டியை எடுக்கிறான். ஏன்? சித்திரையில் கிழங்கு நட வேண்டுமானால் மாசியிலேயே மண் தயாராக வேண்டும். மழை வந்த பிறகு நிலத்தைத் திருத்தப் போனால் காலம் தப்பிவிடும்.

தேவ பிள்ளைகளே, ஓசியா சொன்ன ஒழுங்கைக் கவனியுங்கள். முதலாவது தரிசைத் திருத்துதல், அதன் பிறகே வானத்து மழை. நாமோ என்ன செய்கிறோம்? "ஆண்டவரே, பின்மாரியை ஊற்றும், எழுப்புதலைத் தாரும்" என்று முழு இராத்திரி ஜெபத்தில் கதறுகிறோம். நல்லதுதான். ஆனால் மண்வெட்டி மூலையில் துருப்பிடித்துக் கிடக்கிறதே!

முதலாவது, கொத்த வேண்டும். கிக்குயு புல்லை மேலாகச் செதுக்கிவிட்டால் தோட்டம் ஒரு வாரம் சுத்தமாய்த் தெரியும். மண்ணுக்குள் ஒரு கணு தங்கினாலும் போதும், மறுபடியும் படர்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சுத்தமாய்த் தெரிகிற ஜீவியம் இப்படிப்பட்டதுதான்.

இரண்டாவது, புளிப்பை மாற்ற வேண்டும். நம்முடைய மலையில் பெய்கிற கனமழை மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துக்கொண்டு போய்விடுகிறது, மண் புளித்துப்போகிறது. புளித்த மண்ணில் எவ்வளவு உரம் போட்டாலும் செடி அதைச் சரியாய் எடுத்துக்கொள்ளாது. அதனால்தான் நடவுக்குச் சில வாரம் முன்னமே டோலமைட் போட்டுக் கலக்குகிறோம். எத்தனை பிரசங்கம் கேட்டும் வளர்ச்சி இல்லையே என்கிறவர்களே, குறை உரத்திலா? இருதயம் புளித்திருக்கிறதா? சோதித்துப் பாருங்கள்.

மூன்றாவதாக, என் சொந்த சாட்சியைச் சொல்லுகிறேன். சொல்ல வெட்கந்தான், ஆனாலும் கர்த்தர் மறைக்க விடவில்லை.

சில வருஷங்களுக்கு முன் என் தோட்டத்தில் ஒரு மூலையில் மட்டும் கிழங்குச் செடி வளராமல், மஞ்சளடித்து நின்றது. தண்ணீர் விட்டேன், எரு போட்டேன், பலன் இல்லை. ஒரு செடியைப் பிடுங்கினால் வேரெல்லாம் கடுகிலும் சிறிய மணிகள், பொன்நிறமாய். பார்க்க அழகு! வேளாண்மை அலுவலர் ஒருவர் பார்த்துவிட்டு, "ஐயா, இது முட்டைக்கூடு நூற்புழு. 1961லேயே இந்த மலையில் கண்டுபிடிச்சது. ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் நூற்றுக்கணக்கான முட்டை. இருபது வருஷம்கூட மண்ணுக்குள்ள சும்மா கிடக்கும். கிழங்கு வேர் பக்கத்துல வந்தாதான் முழிச்சுக்கும்" என்றார்.

அந்த வார்த்தை என்னை ஆணிபோல் குத்தியது. எனக்கும் என் மூத்த அண்ணனுக்கும் வரப்புத் தகராறு. ஆறு வருஷமாய்ப் பேச்சு கிடையாது. ஒரே பாதை, ஒரே தண்ணீர்க் குழாய், முகத்தைத் திருப்பிக்கொண்டு போவோம். ஞாயிறுதோறும் நான் அன்பைக் குறித்துப் பிரசங்கித்தேன்! கசப்பான வேரைக் குறித்து எபிரெயர் 12:15 எச்சரிப்பதையும் பிறருக்குப் போதித்தேன். எனக்குள்ளேயோ அந்தக் கூடு பத்திரமாய் இருந்தது. வரப்பு என்ற பேச்சு எடுத்தால் போதும், உடனே முழித்துக்கொள்ளும்.

அன்று இராத்திரி முழங்கால்படியிட்டேன், ஜெபம் வரவில்லை. காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரனிடத்தில் போ என்று ஆண்டவர் கற்பித்த மத்தேயு 5ம் அதிகாரமே கண்முன் நின்றது. விடியற்காலையில் உறைபனியை மிதித்துக்கொண்டு அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். "அண்ணா, வரப்பு நீங்க சொன்ன இடத்திலேயே இருக்கட்டும். என்னை மன்னிச்சிடுங்க" என்றேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "உள்ள வா, வெளிய பனி" என்றார். அவ்வளவுதான். எனக்கு அது போதும். அல்லேலூயா!

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். நூற்புழு விழுந்த நிலத்தில் சில வருஷம் கிழங்கை நிறுத்தி, கேரட், முட்டைக்கோஸ், பீன்ஸ் என்று பயிரை மாற்றி மாற்றிப் போட்டால்தான் அது கொஞ்சம் கொஞ்சமாய்க் குறையும். நாங்களும் அப்படியே. பழைய கணக்கைப் பேசுவதில்லை, சுகதுக்கம் விசாரிக்கிறோம். அண்ணன் இன்னும் சபைக்கு வரவில்லை, ஜெபித்துக்கொள்ளுங்கள்.

பிரியமானவர்களே, உங்கள் தோட்டத்தில் எந்த மூலை மஞ்சளடித்து நிற்கிறது? மாமியாரோடா, கூடப்பிறந்தவர்களோடா, சபையில் பக்கத்துப் பாயில் உட்காருகிற விசுவாசியோடா? பனி நீங்கட்டும், அவர்களே முதலில் வரட்டும் என்று காத்திராதேயுங்கள். குளிர் இருக்கும்போதே மண்வெட்டியை எடுங்கள். இன்றைக்கே எழுந்து போங்கள். மழையை அனுப்புகிறவர் உண்மையுள்ளவர்.

ஜெபம்: பரலோகத் தகப்பனே, எங்களுக்குள் மறைந்து கிடக்கிற கசப்பை எங்களுக்குக் காட்டும். வாசல்வரை நடந்துபோகப் பெலன் தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், ஆமென்.