அடைக்கலப் பொருள்

ஒரு பொருளை இழப்பதற்கும் ஒருவனுக்கு உரிமை உண்டா என்னும் வினா, முதற்கண் வியப்பாகவே தோன்றும். தன் பணத்தைத் தொலைத்தவனுக்காக அயலார் இரங்குவரேயன்றி அவனைக் குற்றவாளி என்று கூறார். ஆயின், பிறர் ஒப்படைத்த நகையைத் தொலைத்துவிட்டுக் கையை விரிப்பவனை உலகம் அவ்வாறு விட்டுவிடுவதில்லை. சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் அடைக்கலமாகத் தருகிறார். பின்னர் நேர்ந்தவற்றில் மாதரியின் குற்றம் யாதுமில்லை. எனினும், அடைக்கலம் இழந்தேன் என்று அவள் தீயில் புகுந்து உயிர் துறந்ததாக அக்காப்பியம் கூறுகிறது. காத்தல் என்னும் கடமையைத் தமிழர் எத்துணைக் கடுமையாக எண்ணினர் என்பதற்கு இஃதொன்றே சாலும்.

இக்காலத்தில் அடைக்கலப் பொருள்கள் பலவும் கணினிக்குள் குடியேறிவிட்டன. தமிழ்ப்பள்ளி அலுவலகத்துக் கணினியில் பள்ளி மலருக்காக மாணவர் எழுதிய கட்டுரைகளும், ஓய்வுபெற்ற ஆசிரியர் தொகுத்த தோட்டப்புற வாய்மொழிப் பாடல்களும், இன்று தோட்டமே இல்லாத ஊர்களின் நிழற்படங்களும் இருக்கும். எழுத்தாளர் சங்கச் செயலாளரின் கணினியில் உறுப்பினர் அனுப்பிய, இன்னும் அச்சேறாத சிறுகதைகள் இருக்கும். கணினி அவருடையது, கதைகள் அவருடையன அல்ல. ஒருநாட் காலையில் அக்கணினி இயங்க மறுக்கிறது. "இது செத்துவிட்டது. எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்றிக் கொடுங்கள்" என்று பழுது பார்ப்பவரிடம் அவர் சொல்லிவிடுகிறார். தமக்கில்லாத ஓர் உரிமையை அவ்வேளையில் தாம் எடுத்துக்கொள்வதை அவர் உணர்வதில்லை.

'செத்துவிட்டது' என்பதே பிழையான சொல். விசையை அழுத்தியதும் கணினி முதலில் தன் உறுப்புகளைச் சோதிக்கும். பின்னர்த் தட்டிலிருந்து தொடக்க நிரலைத் தேடிப் படிக்கும். அந்நிரல் இயங்குதளத்தை நினைவகத்திற்குக் கொணரும். இச்சங்கிலியில் எக்கண்ணி அறுந்தாலும் திரை இருண்டு கிடக்கும். மின்வழங்கி பழுதாகியிருக்கலாம், நினைவகத் தகடு தன் இடத்தினின்று சற்றே நெகிழ்ந்திருக்கலாம், இயங்குதளத்தின் கோப்பு ஒன்று சிதைந்திருக்கலாம். இவற்றுள் எதுவும் மாணவரின் கட்டுரைகளைத் தொட்டிராது. வாயிற்கதவு திறக்கவில்லை என்பதற்காக, வீட்டினுள் இருப்போர் மாண்டனர் என்று எவரும் ஈமக்கடனுக்கு ஏற்பாடு செய்வதில்லை. வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியுடன் இணைக்கலாம். அல்லது லினக்ஸ் போன்றதோர் இயங்குதளத்தை விரலியில் ஏற்றி, அதன்வழிக் கணினியைத் தொடங்கலாம். இவ்விரு வழிகளில் ஒன்றால் கோப்புகளைப் பத்திரமாகப் படியெடுத்துவிடக் கூடும்.

பொருளை அழிப்பது பெரும்பாலும் பழுதன்று, அவசரமே. காந்த வன்தட்டில் ஒரு கோப்பை நீக்கும்போது மறைவது அதன் பெயரும் முகவரியுமே. அவ்விடத்தில் வேறொன்று எழுதப்படும் வரை உள்ளடக்கம் அங்கேயே கிடக்கும். அதே தட்டில் இயங்குதளத்தைப் புதிதாக ஏற்றுவது, ஓலையின் மேல் மறுபடியும் எழுத்தாணியை ஓட்டுவதற்கு ஒப்பாகும். இக்காலத்துத் திண்மநிலைத் தட்டுகளோ நீக்கப்பட்ட இடத்தை விரைவிலேயே தாமாகத் துடைத்துவிடும் இயல்பின. அவற்றில் பிழை பொறுக்கப்படுவது அரிது. வன்தட்டிலிருந்து 'டக் டக்' என்னும் ஓசை எழுமாயின் உடனே மின்சாரத்தை நிறுத்துவதே செயத்தக்கது. சுழலும் தட்டுக்கு மேல், மயிரிழையினும் மிக நுண்ணிய இடைவெளியில் மிதக்கும் படிப்புமுனை தட்டில் உரசியிருக்குமாயின், மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் புண் பெரிதாகும். விடாமுயற்சியை நாள்தோறும் போதிக்கும் ஆசிரியர்க்கு இது கசப்பாக இருக்கலாம். எனினும், இவ்விடத்தில் விடாமுயற்சியே கேடு.

மென்பொருள்களின் நிலை வேறு. அவற்றின் உறையை அப்படியே படியெடுத்துப் புதிய கணினியில் வைத்தால் பெரும்பாலானவை இயங்கா. நிறுவப்படும்போது அவை இயங்குதளத்தின் பல மூலைகளில் தம்மைப் பதிவு செய்துகொள்கின்றன. ஆதலின் மூலப் பிரதியிலிருந்து மீண்டும் நிறுவுதல் வேண்டும். கோப்பை முதலில் காப்பாற்றுக, மென்பொருளை விட்டுவிடுக என்று தொழிலறிந்தோர் கூறுவது இதனாற்றான். மென்பொருள் கடையில் மறுபடியும் கிடைக்கும். ஆறாம் ஆண்டு மாணவி தன் பாட்டியைப் பற்றி எழுதிய கட்டுரை எக்கடையிலும் கிடைக்காது.

இக்கூற்று பொதுவாகச் சரியே. ஆயின், பழந்தமிழ்க் கோப்புகளுக்கு இது முற்றும் பொருந்தவில்லை. 1991இல் வெளிவந்த முதல் யூனிகோடு பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றபோதிலும், அது பரவலான புழக்கத்திற்கு வர மேலும் பல ஆண்டுகள் சென்றன. அதுகாறும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழகத்திலும் எழுத்துருக்கள் பல்வேறு குறியீட்டு முறைகளில் அமைந்திருந்தன. 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் நடந்த தமிழ் இணைய மாநாடுகளில் அறிஞர் கூடி விவாதித்ததும் இக்குழப்பத்தைப் பற்றியே. அக்காலத்துக் கோப்பை இன்று அதற்குரிய எழுத்துரு இல்லாமல் திறந்தால், திரையில் ஆங்கில எழுத்துகளும் பொருளற்ற குறிகளும் நிரம்பி நிற்கும். கோப்பு முழுமையாக மீண்டுவிட்டது. ஒரு பைட்டும் குறையவில்லை. ஆயின் படிப்பார் எவருமிலர்.

இதனை மீட்பு என்று கூறலாமா? கூறலாகாது. உரியவரிடம் பூட்டிய பெட்டியைத் தந்து, திறவுகோலைக் குப்பையில் எறிந்தவன் அடைக்கலத்தைத் திருப்பிக் கொடுத்தவன் ஆகான். ஆதலின் பழைய கணினியிலிருந்து கட்டுரைகளோடு அவற்றின் எழுத்துருவையும் எடுத்து வைத்தல் வேண்டும். அதன் பெயரையேனும் குறித்து வைத்தல் வேண்டும். பெயர் தெரிந்தால், யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகளைக் கொண்டு சில நொடிகளில் எழுத்து மீண்டுவிடும். பெயர் தெரியாவிடில் ஒவ்வொன்றாக முயன்று பார்க்க வேண்டியதுதான். அப்பொறுமை எல்லார்க்கும் வாய்ப்பதன்று.

காத்தலுக்கு எதிர்ப்புறத்திலும் ஓர் அறம் உண்டு. மீட்பவர் கண்ணில் கதைகள் மட்டும் படுவதில்லை. குடும்பக் கடிதங்களும் மருத்துவ அறிக்கைகளும் படும். படியெடுப்பதற்கு எதனையும் திறந்து பார்க்கத் தேவையில்லை. முழுமையாக வந்ததா என்று சோதிக்க ஓரிரு கோப்புகள் போதும். அவற்றையும் உடையவரே சுட்டிக் காட்டலாம்.

உடையவர் மறைந்துவிட்டால் சிக்கல் இன்னும் ஆழமாகிறது. மறைந்த எழுத்தாளர் ஒருவரின் கணினி பூட்டப்பட்டிருப்பின், யாரும் பார்க்க வேண்டா என்பதே அவர் விருப்பம் என்று கொள்ளலாமா? முற்காலத்தில் பூட்டைப் பூட்டியவன் மனிதன். பூட்டு அவன் மனத்தைக் காட்டியது. அண்மைய விண்டோஸ் கணினிகள் பலவற்றிலோ, மைக்ரோசாப்ட் கணக்கின்வழி நுழைந்த அளவிலேயே தட்டு தானாகக் குறியாக்கம் பெற்றுப் பூட்டிக்கொள்கிறது. உடையவர் அதனை அறியாமலே வாழ்நாளைக் கழித்திருக்கலாம். அத்தகைய பூட்டினை அவர்தம் இறுதி விருப்பமாகக் கருதுவது, அவர் சொல்லாத சொல்லை அவர் வாயில் வைப்பதாகும். குடும்பத்தார் இசைந்தால், அச்சுக்கென எழுதியவற்றை எடுத்துக் கடிதங்களைப் படியாமல் அவர்களிடமே விடுவது தக்கது. ஆனால், அதற்கும் அப்பூட்டின் மீட்புத் திறவுகோல் வேண்டும். இன்றேல் தட்டு பழுதில்லாமல் இருந்தும் பயனில்லை. அத்திறவுகோல் 48 இலக்கங்களாலானது. பெரும்பாலும் உடையவரின் கணக்கிலேயே கிடக்கும். அவர் உயிரோடிருக்கும்போதே அதனை ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வைக்க ஐந்து நிமிடம் போதும்.